சோறு குறைந்தால் கோபம் கூடுமா?

டெல்டா மாவட்டங்களில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டிலாவது சர்க்கரை நோய் மாத்திரை டப்பா இருக்கிறது. முகாமில் ரத்தம் எடுத்து, சர்க்கரை கூடுதல் என்று சீட்டு வந்ததும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "அரிசியைக் குறைங்க." குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுப் பெண்கள் வேறொரு கேள்வியோடு வருகிறார்கள். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது.

"எங்க வீட்டுக்காரருக்கு சுகர். சோத்தை நிறுத்திட்டார். அதுலேருந்து தொட்டதுக்கெல்லாம் கோபம். ஒரு வாரம் எரிஞ்சு விழறார், ஒரு வாரம் வாயே திறக்கறதில்ல. சாப்பாட்டுக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல இது வேற ஏதாவதா?"

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது ஒரு பக்கமாக மட்டும் ஓடும் வாய்க்கால் அல்ல. சோற்றைக் குறைத்ததால் மனம் தெளிந்தவர்களும் இருக்கிறார்கள், குறைத்த விதம் சரியில்லாமல் மனம் கலங்கியவர்களும் இருக்கிறார்கள். கேள்வி வந்த வீட்டில் இரண்டுமே நடந்தன.

மூன்று ஏக்கர், அரை கிலோ அரிசி

அந்த விவசாயிக்கு 52 வயது. மூன்று ஏக்கர் நன்செய். சம்பா நெல், அறுவடைக்குப் பின் தரிசில் உளுந்து. காலையில் பழைய சோறு அல்லது இட்லி, மதியம் குவித்துப் போட்ட சோறும் குழம்பும், இரவிலும் சோறு. ஒரு நாளைக்கு அரிசிக் கணக்கில் பார்த்தால் அரை கிலோவுக்குக் குறையாது. 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. அரை கிலோ என்றால் 390 கிராம். மாட்டை வைத்து உழுது, நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலத்தில் அந்த மாவுச்சத்து உழைப்பிலேயே கரைந்தது. இப்போது உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். உழைப்பு பாதியாகிவிட்டது. சோறு மட்டும் அப்படியே இருந்தது.

சர்க்கரை என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். "சோத்தைக் குறைச்சுக்குங்க" என்றும் சொன்னார்கள். அவருடைய மருமகன் கைபேசியில் ஒரு காணொளி அனுப்பினார். அரிசி, இட்லி, சப்பாத்தி, பழம் எதுவும் கூடாது, முட்டையும் கறியும் தேங்காயும் மட்டும் போதும், மூன்றே மாதத்தில் மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்றது அது. அடுத்த நாளிலிருந்து அவர் சோற்றை அடியோடு நிறுத்தினார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் வரப்பில் நடக்கவே கால் தளர்ந்தது. வீட்டில் தண்ணீர்ச் செம்பு கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருந்ததற்குச் சத்தம் போட்டார். பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்குக் களை எடுக்கும் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது, ஆட்களைக் காரணமில்லாமல் திட்டினார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு கொண்டுவந்த மனைவி முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு, ஆட்களுக்கு டீ போட வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் மனிதர் பழையபடி ஆனார். திட்டியது பாதிதான் நினைவில் இருந்தது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மூளை எடையில் சிறியது. ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதன் முக்கிய எரிபொருள் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ். அது வேகமாகக் கீழே இறங்கினால் உடம்பு ஆபத்து என்று எண்ணி அட்ரீனலின் என்ற சுரப்பை வெளியேற்றுகிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பதற்குக் காரணமான அதே சுரப்புதான் இது. படபடப்பு, நடுக்கம், வியர்வை, பயம், காரணமில்லாத கோபம் எல்லாம் இதனால் வரும். ரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்துவது, வாய்க்காலில் வரத்தை அடைத்துவிட்டு வடிகாலை முழுதாகத் திறந்து வைப்பது மாதிரி. அந்த விவசாயியின் பதினொரு மணிக் கோபம் குணக்கேடு அல்ல, தாழ்சர்க்கரை.

நான்காம் நாள் தலைவலிக்குக் காரணம் வேறு. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து சில நாளில் கரைந்துபோகும். அதோடு ஒட்டியிருந்த நீரும், கூடவே உப்பும் சிறுநீரில் வெளியேறும். குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பவருக்கே இதனால் தலைவலியும் சோர்வும் வரும். பங்குனி வெயிலில் வியர்வை வழிய நிற்கும் விவசாயிக்கு அது இரட்டிப்பு நட்டம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குவித்துப் போட்ட வெள்ளைச் சோற்றை வெறும் குழம்போடு சாப்பிட்டால் சர்க்கரை வேகமாக ஏறும். மதியம் இரண்டு மணிக்குக் கண் சொக்கும், நாலு மணிக்கு எழுந்தால் தலை கனக்கும், யார் கூப்பிட்டாலும் எரிச்சல் வரும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். தூக்கம் கெட்டவரின் மனம் மறுநாள் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சோற்றை அளவாகக் குறைத்துச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் "மனசு லேசா இருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். அதில் பாதிப் பெருமை நல்ல தூக்கத்துக்குச் சேர வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையையும் நடையையும் கைவிடுவதால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துவிடும்.

ஆய்வுகள் காட்டும் வழி

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற சுமார் 70,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. சர்க்கரையை வேகமாக ஏற்றும் தீட்டிய தானியங்களையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வந்தது. நார்ச்சத்து, காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அது குறைவு. மாவுச்சத்து என்ற பொதுப்பெயரில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆஸ்திரேலியாவில் 106 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து மிகமிகக் குறைவு, மற்றொரு பிரிவுக்குக் கொழுப்பு குறைவு. 2009-ல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. முதல் எட்டு வாரத்தில் இரண்டு பிரிவினரின் மனநிலையும் மேம்பட்டது. ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு மட்டும் அந்த நன்மை நிலைத்தது. மாவுச்சத்தை அடியோடு குறைத்தவர்களின் மனநிலை பழைய இடத்துக்கே திரும்பியது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் ரொட்டி சாப்பிடும்போது ஒருவர் மட்டும் தனியாக வேறு சாப்பிடுவதிலுள்ள சமூகச் சிரமம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்து "சோறு வேணாம்" என்று கை மறிப்பது எவ்வளவு கடினம்! பரிமாறுபவர் முகம் சுருங்கும், பக்கத்து இலைக்காரர் காரணம் கேட்பார், பிறகு பந்தி முழுக்க சுகர் பேச்சுதான். அந்த மன்னார்குடி விவசாயி இரண்டு கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே திரும்பினார். மூன்றாவதற்குப் போகவேயில்லை. வீட்டிலும் அவருக்கு மட்டும் தனித் தட்டு, தனி நேரம். எண்பது வயதுத் தாய் ஒருநாள், "நம்ம வயல்ல வெளஞ்ச நெல்லுப்பா. நீயே தொட மாட்டேங்கிறியே, அப்பறம் யாருக்காகப் பாடுபடுற?" என்று கண் கலங்கினார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வியில் இருந்த "வாயே திறக்காத வாரம்" அதுதான்.

நெல் விளைவிப்பவருக்குச் சோறு வெறும் மாவுச்சத்து அல்ல. உழைப்பின் கூலி, விருந்தின் மரியாதை, தாயின் கை. அதை முழுதாகப் பறித்துவிட்டு மனம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடியோடு நிறுத்தத் தேவையில்லை

மாவுச்சத்தை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கும் உணவுமுறை 1921-ல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக உருவானது. இன்றும் சில வலிப்பு நோய்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் அது பயன்படுகிறது. வயல் வேலைக்குப் போகிறவர் கைபேசியைப் பார்த்துச் செய்ய வேண்டியது அல்ல அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னின்ற பங்களிப்போடு நடந்தது. 2023-ல் வெளியான அதன் முடிவுப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்கள் தங்கள் ஆற்றலில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை என்றும் அதே ஆய்வின் இன்னொரு பகுதி காட்டியது. 18,090 பேரின் உணவை வைத்துச் செய்த கணக்கில், புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் புரதத்தைக் கூட்டினால் நோய் பின்வாங்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது. இது சோற்றை ஒழிக்கும் கணக்கு அல்ல. மூன்று கரண்டியில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பயறோ முட்டையோ மீனோ வைக்கும் கணக்கு.

கடைசி வரி முக்கியம். குறைத்த இடத்தை நிரப்பாமல் விட்டால் அது பத்தியம் அல்ல, பட்டினி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். உடம்பு மெலிந்ததோடு, நல்ல குணமுள்ள அந்த இளைஞர்கள் எரிச்சலும் சோர்வும் பிடித்து, பேச்சுக் குறைந்து ஒதுங்கினார்கள். சோற்றைக் குறைத்துவிட்டு ரசத்தை மட்டும் குடிக்கும் வீட்டில் நடப்பதும் இதுதான்.

சிறுதானியம் என்ற தவறான சமாதானம்

அரிசிக்குப் பதில் கேழ்வரகு, கம்பு என்று மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சிறுதானியங்களிலும் 100 கிராமுக்கு 60 முதல் 72 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. அவற்றின் சிறப்பு நார்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் கேழ்வரகை நைசாக அரைத்துத் தண்ணீராகக் கூழ் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அதையே கெட்டிக் களியாக்கி, கீரைக் குழம்பும் கொள்ளும் சேர்த்து அளவாகச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும். சாமை, வரகு, குதிரைவாலியும் மில்லில் வெள்ளையாகத் தீட்டி வந்தால் அரிசிக்கு அண்ணன் தம்பிதான்.

அரிசியிலும் வித்தியாசம் உண்டு. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி பரவாயில்லை. குழைய வடித்த சோற்றைவிட உதிரியாக வடித்தது நல்லது. சொந்த நெல்லை அரைக்கக் கொடுப்பவர் மில்லில் "ரொம்பத் தீட்ட வேண்டாம்" என்று சொன்னாலே தவிட்டில் உள்ள நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் ஓரளவு மிஞ்சும்.

அந்த வீட்டில் செய்த மாற்றம்

தாழ்சர்க்கரை வந்த மறுநாள் கணவனும் மனைவியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். சோற்றை நிறுத்தியதை அப்போதுதான் மருத்துவரிடம் சொன்னார்கள். மருத்துவர் மாத்திரையை மாற்றிக் குறைத்தார். சோற்றை மதியம் ஒரு வேளைக்கு, ஒரு கிண்ணம் அளவில் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

காலையில் பச்சைப்பயறு அடை அல்லது இரண்டு இட்லியோடு ஒரு முட்டை. மதியம் முதலில் கீரையும் பொரியலும், பிறகு மீனோ கொண்டைக்கடலையோ, கடைசியில் சோறு. காயையும் புரதத்தையும் முன்னால் சாப்பிட்டுச் சோற்றைப் பின்னால் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். நாலு மணிக்குச் சீனி போட்ட டீயும் பிஸ்கட்டும் போய், உப்புப் போட்ட மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வந்தன. இரவுக்குக் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை தூக்கலாக. முக்கியமான மாற்றம் தட்டில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம். அவருக்கு ஒரு கரண்டி சோறு குறைவு, அவ்வளவுதான். பெரியவரும் மகன் சோறு சாப்பிடுவதைப் பார்த்துச் சமாதானமானார்.

மூன்று மாதத்தில் மதியத் தூக்கம் குறைந்தது. இரவில் எழுவது நாலு முறையிலிருந்து ஒரு முறையானது. சத்தம் போடுவதும் குறைந்தது. கல்யாணப் பந்தியில் "ஒரு கரண்டி போதும், கூட்டு நிறைய வைங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

கேட்ட பெண்ணின் தட்டு

கேள்வி கேட்டவர் கணவரைப் பற்றித்தான் கேட்டார். அவருடைய தட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியிருப்பது சோறும் குழம்பும்தான். முட்டை கணவருக்கு, மீன் நடுத்துண்டு மகனுக்கு. இவருக்கும் மாலையானால் காரணமில்லாத அலுப்பு, சின்னச் சொல்லுக்கும் அழுகை. அதை வேலைக் களைப்பு என்று எண்ணியிருந்தார். சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ரத்தச்சோகை.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. ரத்தச்சோகை உள்ளவருக்குச் சோர்வும் எரிச்சலும் கவனக்குறைவும் சாதாரணம். மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டு எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதனாலும் மனம் சோர்ந்து கால் மரத்துப்போகும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இதைக் குறிப்பாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு உணவை மாற்றும்போது மற்றவர் தட்டையும் பார்ப்பது நல்லது.

யாருக்குக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், ஒல்லியான உடம்போடு கடும் கூலி வேலை செய்பவர்கள் சோற்றை வெட்டிக் குறைக்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் புரதத்தைத் தன்னிச்சையாகக் கூட்டக்கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். வயலுக்குப் போகும் சர்க்கரை நோயாளி பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று. உணவால் தீரும் மனச்சோர்வுக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. காய்கறி, பருப்பு வகைகள், முழுத்தானியம், மீன் நிறைந்த உணவுக்கு மாறியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறினார்கள். ஆறுதல் பேச்சு மட்டும் கிடைத்த பிரிவில் 100-க்கு 8 பேர்தான். உணவு உதவுகிறது என்பதற்கு இது சான்று. மீதி இரண்டு பங்குப் பேருக்கு அது மட்டும் போதவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

மன்னார்குடி விவசாயியின் கோபம் போன பிறகும் ஒரு கனம் மிஞ்சியிருந்தது. அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த நெல், நகைக்கடன், கட்ட வேண்டிய தவணை. பயறு அடை சாப்பிட்டால் கடன் அடையாது. ஒருநாள் இரவு "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று அவர் சொன்னதை மனைவி சும்மா விடவில்லை. மறுநாளே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். அப்படிப்பட்ட சொல்லைக் கேட்ட வீடு சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. அன்றே யாரிடமாவது பேச வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மாத்திரை எடுப்பவர்கள் உணவு சரியாகிவிட்டது என்று அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

ஒரு மூட்டை பயறு

புரதத்துக்கு எங்கே போவது, பருப்பு விலை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டெல்டா விவசாயிக்கு அந்தக் கேள்விக்கு விடை சொந்த வயலிலேயே இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னால், மண் மெழுகுப்பதத்தில் இருக்கும்போது உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறார்கள். பனியிலும் எஞ்சிய ஈரத்திலும் அது விளைகிறது. ஏக்கருக்குச் சுமார் 200 கிலோ வரும். 100 கிராமில் 22 முதல் 24 கிராம் புரதம் உள்ள பயறு அது. களத்திலேயே வியாபாரியின் சாக்கில் மொத்தமும் ஏறிவிடுகிறது. வீட்டுக்கு ரேஷன் அரிசி வருகிறது, பருப்பு மட்டும் கடையில் காசு கொடுத்து வருகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு முட்டை இறைச்சி வகை எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம் என்கிறது. இதில் பயறு பாதி என்று வைத்தாலும் நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 60 கிலோ போதும். அரை ஏக்கர் தரிசுப் பயறு அதற்குத் தாராளம். வேலியோரம் இரண்டு முருங்கை, ஒரு அகத்தி, கொல்லையில் ஐந்தாறு நாட்டுக்கோழி இருந்தால் கீரையும் முட்டையும் கடைக்குப் போகாமலே கிடைக்கும்.

இந்தப் பங்குனியில் பயறு அடித்துத் தூற்றியதும், எடை போடும் வண்டி களத்துக்கு வருமுன் ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு, குதிரிலோ டிரம்மிலோ மூடினால் வண்டு பிடிக்காமல் இருக்கும். விற்றால் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்தான். ஆனால் தட்டில் ஒரு கரண்டி சோறு குறையும் இடத்தை ஆண்டு முழுக்க நிரப்பப்போவது அந்த மூட்டைதான்.